பெல் அடித்த பிறகு வந்தால் உள்ளே விடுவீர்களா? பள்ளி வருகை, நேரம் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

டெல்டா பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை, அறுபது சொச்சம் பிள்ளைகள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கேட் ஓரத்திலும் மளிகைக் கடையிலும் பெற்றோர் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பத்து நிமிஷம் லேட்டானால் என்ன டீச்சர், குடியா முழுகிவிடும்?

ஒரு நாள் ஆனால் ஒன்றும் இல்லை. தினமும் ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம் என்று வைத்திருக்கிறது. அதாவது நாளுக்கு 4 மணி நேரம். தினம் 10 நிமிஷம் என்றால் 200 நாளில் 2,000 நிமிஷம், 33 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டு நாள் பள்ளிக்கே வராததற்குச் சமம். பதிவேட்டில் அந்தப் பிள்ளை ஒரு நாள்கூட ஆப்சென்ட் இல்லை என்றுதான் இருக்கும்!

கணக்கை விடுங்கள், வகுப்பறைக்குள் நடப்பதைச் சொல்கிறேன். எண்ணும் எழுத்தும் வகுப்பில் (சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அரசுத் திட்டம் அது) பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி உட்கார்வார்கள். முதலில் ஒரு பாட்டு, அப்புறம் ஒரு சின்னக் கதை. அன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்பது அதற்குள்தான் இருக்கும். கதையில் வந்த 'ப'கர வரிசைச் சொற்களை எழுதச் சொல்லும்போது, நடுவில் வந்து உட்கார்ந்த பிள்ளைக்குக் கதையும் தெரியாது, சொல்லும் தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும். எழுதி முடித்திருப்பதால் டீச்சரும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பிள்ளை பின்தங்குவது பெரும்பாலும் இப்படித்தான், யார் கண்ணிலும் படாமல்.

மாதம் இரண்டு நாள்தானே லீவு போடுகிறான்?

பத்து மாதத்தில் 20 நாள். ஐந்து வருஷத்தில் 100 நாள். ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது உங்கள் பிள்ளை நாலரை வருஷம்தான் படித்திருப்பான்.

லேட்டாக வந்தால் வெளியில் நிறுத்துவீர்களா?

மாட்டோம். முன்பு நிறுத்தியிருக்கிறோம், அதை மறைக்க வேண்டியதில்லை. நான் இந்தப் பள்ளிக்கு வந்த புதிதில் இறைவணக்கம் தொடங்கியதும் கேட்டைச் சாத்திவிடுவது வழக்கம். லேட்டாக வந்தவர்கள் தனி வரிசையில் நிற்க வேண்டும். எனக்கும் அது கண்டிப்பு என்றுதான் பட்டது.

இரண்டாம் வகுப்பில் ஒரு பெண். வாரத்தில் இரண்டு நாள் ஆப்சென்ட். வீட்டுக்குப் போய்க் கேட்டால், "தினமும்தான் டீச்சர் வருது, நானே தலை பின்னி அனுப்புறேன்" என்றார் அம்மா. மறுநாள் காலையில் கேட்டுக்கு வெளியே போய் நின்று பார்த்தேன். சாலைக்கு எதிர்ப்பக்கம் வைக்கோல் போர் ஒன்று. அதன் பின்னாலிருந்து ஒரு பச்சை ரிப்பன் எட்டிப் பார்த்தது. பெல் அடித்துவிட்டால் அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுப் பக்கம் போய், பாட்டியிடம் பள்ளி விட்டாச்சு என்று சொல்லும். தனி வரிசையில் நிற்பதைவிட வைக்கோல் போர் மேல் என்று ஏழு வயதுப் பிள்ளை முடிவு செய்திருக்கிறது. ஐந்து நிமிஷத் தாமதத்தை நாங்களே ஒரு நாள் ஆப்சென்ட்டாக மாற்றிக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து கேட்டைப் பூட்டுவதில்லை. லேட்டாக வரும் பிள்ளை நேராக வகுப்புக்குப் போய் உட்காரும். பேச வேண்டியதைப் பெரியவர்களிடம் பேசுவோம். இந்த வயதில் பிள்ளை தானாக லேட்டாவது அபூர்வம். எழுப்பியவர், குளிப்பாட்டியவர், வண்டி எடுத்தவர் என்று யாரோ ஒருவர் லேட். உடல் தண்டனையும் மனத்தைப் புண்படுத்துவதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் எங்கள் பள்ளியில் கேட்டைத் திறந்தது சட்டம் அல்ல, அந்தப் பச்சை ரிப்பன்தான்.

அந்தக் காலத்தில் அடித்துத்தானே நேரத்துக்கு வர வைத்தார்கள்?

தாத்தாக்கள் கேட்கும் கேள்வி இது. அந்தக் காலம் எப்படி இருந்தது என்பதற்கு எழுத்தில் சான்று இருக்கிறது. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுக்க உள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1823-இல் பெல்லாரி கலெக்டர் கேம்பெல் அனுப்பிய அறிக்கையில் நம் கேள்விக்கு நேரான பதில் இருக்கிறது. காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி, பாராட்டும் இல்லை, ஏச்சும் இல்லை. மூன்றாமவனுக்கு லேசாக ஓர் அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்படியே ஒவ்வொன்றாக ஏறும்.

முப்பது பேர் உள்ள பள்ளியில் கடைசியாக வருபவனுக்கு 28 அடி. இருபதாவது ஆளாக வரப்போகிறோம் என்று தெரிந்தவன் பள்ளிப் பக்கமே தலைவைத்துப் படுத்திருப்பானா? உள்ளங்கையில் சரஸ்வதி எழுதியது மட்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் முதலில் வரும் பிள்ளையின் கையில் சாக்பீஸால் ஒரு பூ வரைகிறார். அடி கிடையாது.

காலையில் கிளப்புவதே பெரும்பாடு. என்னதான் செய்வது?

காலையில் செய்யும் வேலையில் பாதியை ராத்திரிக்குத் தள்ளுங்கள். சீருடை, பெல்ட், ஐ.டி. கார்டு எல்லாம் ஒரே ஆணியில் தொங்கட்டும். பையைப் பிள்ளையே அடுக்கட்டும், நீங்கள் பார்த்தால் போதும். காலை எட்டரை மணிக்கு ஒற்றைச் செருப்பைத் தேடுவதில்தான் பல வீடுகளில் நேரம் போகிறது. செருப்புக்கு ஓர் இடம் வைத்துவிட்டால் சண்டையில் பாதி குறைந்துவிடும்.

இன்னொன்று ராத்திரி மொபைல். பத்தரை மணிவரை வீடியோ பார்த்த பிள்ளை ஆறரைக்கு எழாது, எழுந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வரும். ஒன்பது மணிக்குப் போனைப் பிள்ளையிடமிருந்து வாங்கிவிடுங்கள். உங்கள் கையிலும் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது, அதை நான் சொன்னால் கோபம் வரும்.

டிபன் பற்றிக் கவலை வேண்டாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று, நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து, மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. வகுப்பு தொடங்கும் முன்பே பொங்கலோ கிச்சடியோ உப்புமாவோ சூடாகப் போடுகிறார்கள். இதில் எங்களுக்குக் கிடைத்த இன்னொரு லாபம் நேரம். பெல்லுக்கு ஓடி வராத பையன்கூட சாம்பார் வாசனைக்கு ஓடி வருகிறான்.

சோற்றுக்காகப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்று பேசுகிறார்களே, கூச்சமாக இருக்கிறது.

பேசுகிறவர்களுக்கு விஷயம் தெரியாது. 1920-இல் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர். பசித்த பிள்ளை வராது, வந்தாலும் காதில் ஏறாது என்பது நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே தெரிந்துபோன சங்கதி. அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நானும் சத்துணவு சாப்பிட்டுப் படித்தவள்தான்.

ஏழு மணிக்கே வயலுக்குப் போய்விடுகிறோம். யார் அனுப்புவது?

எங்கள் ஊரில் வருகை குறைவதற்குப் பெரிய காரணம் இதுதான், சோம்பல் அல்ல. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. பள்ளி திறப்பதும் ஜூனில்தான். தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்து குறுவை நடவு சூடுபிடிக்கும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி பழகியே இருக்காது. அம்மா விடிந்ததும் நடவுக்குப் போய்விடுவார். வீட்டில் மூத்தது ஒன்பது வயது, இளையது ஆறு, அதற்கும் கீழே ஒரு கைக்குழந்தை. மூத்தது பெண்ணாக இருந்துவிட்டால் முடிந்தது, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள அதை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பதிவேட்டைப் புரட்டினால் ஆண்டுக்காண்டு அதே மாதங்களில் அதே மாதிரிப் பிள்ளைகளின் பெயரில்தான் ஆப்சென்ட் விழுந்திருக்கும். ஐப்பசி சம்பா நடவிலும், தையில் அறுப்பிலும் திரும்ப அதே கதை.

இதற்குப் பிரசங்கம் பண்ணிப் பிரயோஜனம் இல்லை. எங்களுக்குப் பலித்தவை இரண்டு. ஒன்று, தெருவுக்கு ஒரு பெரியவர். நடவுக்குப் போகாத ஒரு பாட்டியோ தாத்தாவோ எட்டு மணிக்குத் தெருக்கோடியில் நின்று, ஏழெட்டுப் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து நடத்திக் கூட்டி வருவார். தனியாகக் கிளம்பச் சுணங்கும் பிள்ளை கூட்டத்தோடு வந்துவிடும். இரண்டு, கைக்குழந்தை இருக்கும் வீட்டோடு நடவுக்கு முன்பே பேசிவிடுவது. பாப்பாவுக்கு இரண்டு வயது ஆகியிருந்தால் அங்கன்வாடியில் விடலாம். அங்கன்வாடி எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. அக்காவே தூக்கி வந்து அங்கே விட்டுவிட்டு வகுப்புக்கு வரலாம், சாயந்திரம் வரைக்கும் முடியாவிட்டாலும் மதியம் வரைக்குமாவது.

உடம்பு சரியில்லை என்றால் எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

வெறும் சளி, லேசான இருமல் என்றால் அனுப்புங்கள். காய்ச்சல் இருந்தால் வேண்டாம். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆன பிறகு அனுப்புங்கள். காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினால் பதினொரு மணிக்கு மறுபடி காயும், உங்களுக்குத்தான் போன் வரும்.

அம்மை போட்டிருந்தால் (தட்டம்மையைச் சொல்லவில்லை, நீர்க்கொப்புளம் வரும் சின்னம்மையை) எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு ஆகும்வரை வீட்டில் இருக்கட்டும். பெரும்பாலும் ஒரு வாரம். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு அனுப்புவது நம் வீடுகளின் வழக்கம். அதற்குள் பொருக்கும் தட்டியிருக்கும், சரிதான். ஆனால் வேப்பிலையோடு நிறுத்திவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டுங்கள். பொன்னுக்கு வீங்கி என்றால் வீக்கம் தொடங்கி 5 நாள். மெட்ராஸ் ஐ வந்தால் கண்ணில் பீளையும் சிவப்பும் போகட்டும்.

பேன் இருப்பதற்காகப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். அது நோயே இல்லை. நாங்களும் திருப்பி அனுப்ப மாட்டோம்.

இன்னொன்று, பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய இரண்டும் தேசியக் குடற்புழு நீக்க நாள். பள்ளியில் மாத்திரை தருவோம். "மாத்திரை போட்டால் வாந்தி வரும்" என்று அன்றைக்கு மட்டும் பிள்ளையை மறைத்து வைப்பவர்கள் உண்டு. அடிக்கடி வயிற்று வலி, சோர்வு என்று லீவு எடுப்பதும் பல நேரம் அதே பிள்ளைகள்தான்.

காலையில் மட்டும் வயிற்று வலி வருகிறது. நடிக்கிறாளா?

நடிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். பயத்தில் பிள்ளைக்கு வயிறு நிஜமாகவே வலிக்கும். எந்த நாளில் வலிக்கிறது என்று மட்டும் காலண்டரில் ஒரு புள்ளி வைத்து வாருங்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் வலி. ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், மந்திரித்தும் பார்த்தார்கள். அம்மா கொண்டுவந்த காலண்டரைப் பார்த்ததும் வகுப்பு டீச்சருக்கு முகம் மாறிவிட்டது. செவ்வாய்தான் எழுந்து நின்று வாய்ப்பாடு ஒப்பிக்கும் நாள். பையனுக்கு ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், மற்றவர்கள் சிரிப்பார்கள். இப்போது அந்த வகுப்பில் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஒப்பிக்கிறார்கள். வலி நின்றதா என்றால், ஒரே நாளில் நிற்கவில்லை. ஒரு மாதத்தில் நின்றது.

இப்படி நாங்கள் பார்த்த காரணங்கள் சின்னச் சின்னவை: கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாதது, பக்கத்தில் உட்காரும் பையன் பென்சிலைப் பிடுங்குவது, போர்டு சரியாகத் தெரியாத கண், பட்டன் போன சட்டை. பிள்ளையிடம் "ஏன் போகமாட்டேங்கிற?" என்று கேட்டால் பதில் வராது. "நாளைக்கு ஸ்கூல்ல எது மட்டும் இல்லாம இருந்தா நல்லா இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பொலபொலவென்று கொட்டும்.

திருவிழா, காதுகுத்து, கல்யாணம்?

சொந்தத் தாய்மாமன் கல்யாணத்துக்குப் போகாதே என்று நான் சொன்னால் ஊர் என்னைச் சும்மா விடாது. போய்வாருங்கள். முகூர்த்தம் ஒரு நாள்தான், முன்னே இரண்டு பின்னே மூன்று சேர்க்காதீர்கள். உள்ளூர்த் தீமிதி என்றால் ராத்திரிதான் விசேஷம், பகலில் பள்ளி நடக்கும். மறுநாள் தூங்கி வழிந்துகொண்டு வந்தாலும் பரவாயில்லை, வரட்டும்.

மழை பெய்தால் லீவுதானே?

கலெக்டர் அறிவித்தால் லீவு. வானம் இருட்டினால் லீவு இல்லை. ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் வானம் இருட்டாத நாள் ஏது?

லீவ் லெட்டர் எழுதத் தெரியாது.

வேண்டாம். ஒரு போன் போடுங்கள், இல்லை பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். காரணம் தெரிந்தால் போதும்.

நிறைய நாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவீர்களா? ஃபெயில் போடுவீர்களா?

இரண்டும் கிடையாது. கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளையைப் பள்ளியை விட்டு நீக்க முடியாது. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் இல்லை. இதைக் கேட்டதும் சிலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், எனக்கு அங்கேதான் கவலை. வராமலே நாலாம் வகுப்புக்கு ஏறிய பிள்ளை, நாலாம் வகுப்புப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு படத்தை மட்டும் பார்க்கும்.

வருகையை முற்பகல், பிற்பகல் என்று இரண்டு வேளை எடுக்கிறோம். பதிவேடு மட்டும் இல்லை, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவு) செயலியிலும் ஏற்றுகிறோம். தொடர்ந்து மூன்று நாள் காணவில்லை என்றால் வீட்டுக்கு வருவது எங்கள் பள்ளியின் பழக்கம். டீச்சர் வாசலில் நிற்கிறார் என்றதும் பயந்துவிட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள், நடந்துதான் வருகிறோம்.

ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு கொடுக்கலாமே?

கொடுத்துப் பார்த்தோம், நிறுத்திவிட்டோம். ஒரு வருஷம் சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு என்று அறிவித்தோம். பிப்ரவரியில் ஒரு பெண் காய்ச்சலோடு வந்து பெஞ்சில் சுருண்டு கிடந்தது. "டப்பா போயிடும் மிஸ்" என்று வீட்டுக்குப் போக மறுத்தது. இன்னொரு பக்கம், ஜூலையிலேயே அம்மை வந்து படுத்த பையனுக்கு அந்த வருஷப் பந்தயம் அன்றைக்கே முடிந்துவிட்டது. அப்புறம் அவன் எதற்காக மெனக்கெட வேண்டும்?

இப்போது போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாக வந்தவர்களுக்குக் கைதட்டல், வகுப்பு முழுக்க வந்த நாளில் கடைசிப் பீரியட் விளையாட்டு. டிபன் பாக்ஸுக்கு வாங்கிய வலியைவிட இது எவ்வளவோ மேல்.

அபராதம் போட்டால் பெற்றோர் திருந்துவார்கள் இல்லையா?

அரசுப் பள்ளியில் அதற்கு இடமே இல்லை. போட்டாலும் நடக்காது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில் சில குழந்தைக் காப்பகங்களில், சாயந்திரம் பிள்ளையைக் கூட்டிப்போக லேட்டாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டு ஆய்வு செய்தார்கள். லேட்டாக வருவது குறையவில்லை, ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. காசு கட்டிவிட்டோமே, அப்புறம் என்ன என்ற எண்ணம். அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முன்பு டீச்சர் முகத்தைப் பார்க்க இருந்த சங்கடம் காசோடு போய்விட்டது.

டீச்சர்களே லேட்டாக வருகிறார்களே?

நியாயமான கேள்வி. எங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு காலம் இருந்தது. டவுன் பஸ் ஒன்றுதான், அது தவறினால் டீச்சரும் தவறினார். ஒழுங்காகவும் நேரத்துக்கும் வருவது ஆசிரியரின் கடமை என்று சட்டத்தின் 24-ஆம் பிரிவு முதல் வரியிலேயே சொல்கிறது. பிள்ளையின் வருகை பற்றிப் பெற்றோரைக் கூட்டிப் பேச வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு, பாதி பெண்களுக்கு. குழுக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். என் முகம் கொஞ்சம் சுருங்கும், கேளுங்கள்.

வேலைக்காகக் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். சூளை முடிந்து வைகாசியில்தான் வருவோம்.

போகும் ஊரில் உள்ள அரசுப் பள்ளிக்குப் போய், எங்கள் பள்ளிப் பெயரையும் பிள்ளையின் எமிஸ் எண்ணையும் சொல்லுங்கள். டி.சி. கையில் இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்க முடியாது, சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. கிளம்பும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் எண்ணைச் சீட்டில் எழுதித் தருவோம். சொல்லாமல் போனால் நாங்கள் பூட்டிய வீட்டைத் தட்டிக்கொண்டிருப்போம்.

காலையில் ஆஸ்பத்திரி, வர மதியமாகிவிட்டது. இனி எதற்கு அனுப்புவது?

அனுப்புங்கள். பிற்பகல் வருகையில் பெயர் விழும், மதியம் முட்டையும் எடுத்து வைத்திருப்போம். கேட்டில் பூட்டு இல்லை, உள்பக்கத் தாழ்ப்பாள் மட்டும்தான். கம்பி இடுக்கில் கைவிட்டால் பிள்ளைக்கே எட்டும்.